காட்டுவாழைக்குக் காவல்

“இன்னிக்கும் ரெண்டு பழத்தை உரிச்சுப் போட்டிருக்கான், அந்த மாடி வீட்டு எலெக்ட்ரீஷியன்!” என்று தோட்டத்திலிருந்து கத்தினாள் மனைவி.

அழகுக்காக வைத்த காட்டுவாழை அது. விரல் நீளத்தில் ரோஸ் நிறப் பழங்கள்; உள்ளே முழுக்க விதை.

“இருக்கும், இருக்கும். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு” என்றார் கணவர்.

வாசலுக்கும் செடிக்குமாக நடையாய் நடந்தாள். கடைசியில் எலெக்ட்ரீஷியனையே வழிமறித்துக் கேட்டுவிட்டாள்.

“ஐயோ அம்மா, இந்த ஜாதி பழுத்தா தானாவே தோல் உரிஞ்சுக்கும். நானும் சாரும் வாங்கப் போனப்பவே நர்சரிக்காரர் சொன்னாரே!”

விடுவிடுவென்று உள்ளே வந்தாள். “தெரிஞ்சேதான் தூண்டிவிட்டீங்களா? அந்தப் பிள்ளை மேல அநியாயமா பழி போட்டுட்டேனே!”

“தம்பிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் நீ நடக்கணும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. நான் கெஞ்சினேன். நீ கட்டிலை விட்டு இறங்கவே இல்ல. பழத்தை யாரோ உரிக்கிறாங்கன்னு நான் சொன்னதும், திருடனைப் பிடிக்கத்தானே இறங்கின?”

அவள் கணவரை முறைத்தாள். பிடித்து நடக்கிற வாக்கரை எந்த மூலையில் விட்டோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.