பச்சை என்றால் நம்பிக்கை

எழுத்தாளர் வேதவல்லியின் பழைய நாவலை வைத்துத்தான் அரசு நிறங்களுக்குப் பொருள் வகுத்திருந்தது. நீலம் துக்கம், பச்சை நம்பிக்கை.

மகன் விபத்தில் இறந்த செய்தி கேட்டு வேதவல்லி, கட்டியிருந்த பச்சைப் புடவையோடு பிணவறைக்கு ஓடிவந்தாள்.

“நீலத்துல வந்தாத்தான் பாடி தருவோம்மா. பச்சைன்னா நம்பிக்கைன்னு நீங்கதானே எழுதினீங்க?” என்றார் அதிகாரி.

“ஐயோ தம்பி, அப்ப எங்கிட்ட இருந்ததே ஒரு பச்சைப் புடவைதான். அதையே கதாநாயகிக்கும் கட்டிவிட்டேன்!”

“எழுதினவங்க சொன்னாச் செல்லாதும்மா. ஆய்வுக்குழு பன்னிரண்டு வால்யூம் போட்டிருக்கு.”

அவள் தரையில் விழுந்து கதறியதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் நீலப் புடவை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு மாலையில் திரும்பினாள். அதற்குள் கண்ணீர் வற்றியிருந்தது.

அதிகாரி மேலும் கீழும் பார்த்துத் தலையசைத்தார்.

“இப்பதாம்மா பெத்த தாய் மாதிரி இருக்கீங்க.”