கீழ் லயத்துச் சைரன்

"எந்த மடையன் இப்படிப் பிரிச்சு வச்சான்?"

கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள், சைரனைப் பழுதுபார்க்க வந்திருந்த தயானி. பதுளையிலிருந்து மடுல்சீமைக்கு பஸ்ஸில் குலுங்கிய இடுப்பு வலி, அதற்கு மேல் இரண்டு கட்டை தூரம் மழையில் நடந்த அலுப்பு, எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தன.

"எதை மிஸ்?" என்றார் இராசையா. தேயிலைத் தோட்ட ஆபீசில் இருபத்தெட்டு வருடமாகக் கதவு திறந்து, தேத்தண்ணி ஊற்றி, கடிதம் கொண்டு போகிறவர். தொரையும் கிளாக்கர்மாரும் பண்டாரவளைக்கு மீட்டிங் போயிருந்தார்கள். யார் எப்போது வந்தாலும் ஆபீசில் அவர்தான் மிஞ்சியிருப்பார்.

"சைரன் ஏன் ஊதலைன்னு கேட்டீங்களே ஐயா. இந்த ஒரே பெட்டிக்குள்ள மூணு வேலை நடக்குது. பங்களா கேமரா, கொழுந்து நிறுவை, மண்சரிவு சைரன். ஒவ்வொண்ணும் இவ்வளவு மெமரிதான் எடுக்கலாம்னு வரம்பு போட்டிருக்காங்க. மீறினா கேர்னல் அந்த வேலையைக் கொன்னுடும்."

"யாரு மிஸ் அது, கேர்னல்?"

"பெட்டிக்குள்ள இருக்கிற பெரிய கங்காணின்னு வச்சுக்குங்க. மழை தூறினா சைரனுக்கு வேலை கொஞ்சம். கொட்டினா மழைக் கணக்கு வந்து குவியும். இடம் பத்தாது, செத்துப்போகும்."

"அப்ப வேணுங்கிற நேரத்துலதான் சாகுது?"

"அதேதான்."

இராசையா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போன செவ்வாய்க்கிழமை கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கியபோது சைரன் வாயே திறக்கவில்லை. நாய்கள் குரைத்துத்தான் சனங்கள் வெளியே ஓடினார்கள். கடைசி ஒற்றையறைக் காம்பராவில் அவருடைய மருமகள் விஜயலெட்சுமி, மூன்று மாதக் குழந்தையோடு. நாளைக்கும் கனமழை என்று ரேடியோ சொல்லிவிட்டது.

"எதுக்கு எவ்வளவு குடுத்திருக்கு மிஸ்?"

"நூத்துல எழுபது பங்களா கேமராவுக்கு. தொரையோட ரோசாச் செடியைப் பாக்க எழுபது! நிறுவைக்கு இருபத்தெட்டு. சைரனுக்கு ரெண்டே ரெண்டு."

"அடப்பாவிங்களா! எல்லாம் தொரைமாரு புத்தி மிஸ். அவங்களுக்குப் பங்களா, எங்களுக்கு ஒத்தைக் காம்பரா. பெட்டிக்குள்ளயும் அதே கதையா? பச்சப்புள்ள இருக்கிற வீடு மிஸ் அது. இதைச் செஞ்சவன் கையில கெடச்சான்னா சும்மா விடமாட்டேன்."

தயானிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. தட்டத் தொடங்கினாள்.

"கேமராவுக்குப் பத்து. நிறுவைக்கு நாப்பது. சைரனுக்கு அம்பது. அந்த அம்பதை இனிமே வேற எதுவும் தொட முடியாது. பெரிய மழைன்னு பொய்க்கணக்கு குடுத்துப் பாக்கப்போறேன். கீழ சொல்லிடுங்க."

இராசையா மருமகளுக்கு போன் எடுத்தார். "சும்மா சோதனைதான் புள்ள, பயப்படாத."

சைரன் அலறியது. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. சாகவில்லை. இராசையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மகராசியா இருப்பீங்க மிஸ்" என்று தேத்தண்ணியை நீட்டினார்.

ஒரு வாய் குடித்துவிட்டு, மூட வேண்டிய பக்கத்தை மறுபடி பார்த்தாள் தயானி. "அட, இந்தப் பெட்டியைக் கொண்டாந்து பூட்டின பையன் மேல தப்பில்லைங்க. மூணு வருசத்துக்கு முந்தி ஆபீசுல ஒருத்தர்கிட்டக் கேட்டுத்தான் பிரிச்சிருக்கான். அவர் சொன்னதை அப்படியே எழுதியும் வச்சிருக்கான்."

"எந்தப் படுபாவி மிஸ்? பேரைச் சொல்லுங்க!"

தயானி வாசித்தாள். "'பங்களாவுக்கு மொதல்ல குடுங்க தம்பி, எங்க லயத்துக்கு மிச்சம் மீதி இருந்தா போதும்.' சொன்னவர் இராசையா." அவள் நிமிர்ந்தாள். "யாருங்க ஐயா அந்த இராசையா, இன்னும் இங்கதான் இருக்காரா?"