உடையார்பாளையம் மட்டும் சிவப்பு

பெரம்பலூர் முந்திரி கம்பெனியில் எந்தக் கிளைக் கம்ப்யூட்டர் இணைப்பில் இருக்கிறது என்று பச்சை, சிவப்பில் காட்டும் லினக்ஸ் புரோகிராம் ஒன்று உண்டு. அதற்கு அப்டேட் போட்ட நாளிலிருந்து உடையார்பாளையம் மட்டும் சிவப்பு.

“போன வாரம்வரைக்கும் பச்சையாத்தானய்யா இருந்துச்சு? நேர்ல போய்ப் பாரு!” என்று குதித்தார் மேனேஜர் குருமூர்த்தி.

“புது வெர்ஷன்ல கோளாறு சார்,” என்றான் நெட்வொர்க்கைக் கவனிக்கும் லியோ பிரபு. அதை எழுதிய புண்ணியவான்களுக்குக் காட்டமாக ஒரு மெயிலைத் தட்டிவிட்டு பஸ் ஏறினான்.

உடையார்பாளையம் கிளையில் கம்ப்யூட்டர் மேசைமேல் ரைஸ் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தது.

“கம்ப்யூட்டர் எங்கக்கா?”

“அது பொங்கலுக்கு முன்னாடியே பொகஞ்சு போச்சு தம்பி. பரண்ல கெடக்கு,” என்றார் கிளையைப் பார்த்துக்கொள்ளும் கவிதா. “லோடு விவரமெல்லாம் சீட்டுல எழுதி பஸ் கண்டக்டர்ட்ட குடுத்து விட்டுடுறோமே!”

லியோ விரல்விட்டு மாதங்களை எண்ணினான். இது ஆடி மாதம். பழைய வெர்ஷன் காட்டிய பச்சையை நம்பி, ‘எல்லாக் கிளையும் நலம்’ என்று தினமும் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

பெரம்பலூர் திரும்பியதும் சத்தமில்லாமல் பழைய வெர்ஷனையே போட்டான். உடையார்பாளையம் பச்சையானது.

“நேர்ல போனாத்தான் வேலை நடக்கும்னு சொன்னேன்ல!” என்று தோளில் தட்டினார் மேனேஜர்.