அண்ணன் விட்டுப்போன கயிறு

அரிப்பு என்ற கடலோர ஊரில் வெள்ளைக்காரத் துரையின் மாளிகை ஓவியங்களைப் பார்க்க வருடத்தில் ஒருநாள் ஊராரை உள்ளே விடுவார்கள். மதலேனா இந்த வருடமும் தனியாகப் போனாள்.

அங்கே முத்துக்குளிப்புப் படமொன்றில், ஒவ்வொரு வருடமும், கடலுக்குள் இறங்கும் கயிற்றை அவளுடைய அண்ணன் பிடித்துக்கொண்டு நிற்பான். குளிப்பவனின் கயிற்றை மனைவியின் சகோதரன்தான் பிடிப்பது வழக்கம். உடன்பிறந்தவளைக் கைம்பெண்ணாக்க அவனுக்கு மனம் வராது. கீழே மூச்சு முட்டினால் கயிறு இரண்டுதரம் இழுபடும். அவள் கணவன் மேலே வராத அன்று கயிறு இழுபடவே இல்லை என்று அண்ணன் சாகும்வரை சொன்னான். இந்த மாசியில் செத்தான்.

இப்போது படத்தில் படகு காலியாக இருந்தது. கயிற்றின் நுனி சட்டத்துக்கு வெளியே ஈரமாகத் தொங்கியது.

"தொடாதேங்கோ அக்கா," என்றான் காவல்காரன் காசிம்.

"இனிப் பிடிக்க ஆர் இருக்கினம், தம்பி?"

கையில் சுற்றிக்கொண்டாள். கயிறு இரண்டுதரம் இழுபட்டது.