பெட்டியில் போடாதது

"அக்கா, பாலமுருகன் பையில இன்னாமோ இருக்குது. நீட்டா, பேப்பர் சுத்தி. கிழிஞ்ச இடத்துல இரும்பு முனை தெரியுது. என் கண்ணால பார்த்தேன்!"

மூச்சிரைக்கச் சொன்னாள் இளைய மாணவி காவ்யா.

சுகன்யா கையிலிருந்த பட்டியலை மேசைமேல் வைத்தாள். கல்லூரியில் அமைதி வாரத்தின் கடைசி நாள். மாணவர்களே நடத்தும் விழா. அதற்கு அவள்தான் தலைமை. இன்னும் அரை மணி நேரத்தில் மேடையில் பெட்டி திறக்கப்படும்.

அந்தப் பெட்டிதான் விழாவின் உயிர். சண்டைக்கென்று எவர் எதை வைத்திருந்தாலும் பெயர் சொல்லாமல் அதில் போட்டுவிடலாம். சைக்கிள் சங்கிலி, இரும்புக் குழாய், கம்பி. ஒவ்வொன்றையும் எல்லார் முன்னிலையிலும் எடுத்துக் காட்டி, பிறகு உருக்குவதற்குப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

எல்லாம் சென்ற ஆண்டுச் சண்டையால் வந்தது. களம்பூர்ப் பேருந்தில் வரும் மாணவர்களும் சேவூர்ப் பேருந்தில் வரும் மாணவர்களும் பேருந்து நிலையத்தில் மோதிக்கொண்டார்கள். எதிலும் சேராமல் ஓரமாக நின்ற பாலமுருகனுக்கு இடக்கண் போயிற்று. "கல்லு பட்டுச்சு. யாருன்னு பார்க்கலை" என்று அவன் போலீசில் சொல்லிவிட்டான்.

போன வாரம் மறுபடியும் ஒரு பேருந்தின் கண்ணாடி உடைந்தது. பாலமுருகன் மேடையேறி ஒரு வார்த்தை சொன்னால் இரு பக்கமும் அடங்கிவிடும் என்று சுகன்யா நம்பினாள். ஐந்து முறை அழைத்தாள். ஐந்து முறையும் அவன் மறுத்துவிட்டான்.

"மனசுல பழி வெச்சிகினு இருக்கான். இப்பதானே புரியுது" என்றாள் சுகன்யா.

அவளுடைய தம்பி ராஜ்குமார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் புறப்பட்டான். அமைதிக் குழுவில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் அவன்தான்.

"டேய், பத்திரம்! போன வருஷம் முனை மாத்திகினு வான்னு அப்பா குடுத்த தறி நாடாவைப் பஸ்ல தொலைச்ச மாதிரி இதையும் தொலைச்சிடாத."

காவ்யா சிரித்தாள். ராஜ்குமார் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்தபடி நடந்தான்.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் தனியாக நின்றிருந்தான் பாலமுருகன். பையை மார்போடு அணைத்திருந்தான்.

"பையில இன்னா இருக்குது?" காவ்யாவுடன் வந்த சுகன்யா கேட்டாள்.

"உனக்கு வேணாம் சுகன்யா."

"பெட்டி எதுக்கு வெச்சிருக்கோம்? பேரு கேக்க மாட்டோம். வா, உன் கையாலயே போடு."

"இதை மட்டும் பெட்டியில போட மாட்டேன்."

"கேட்டியா காவ்யா? எல்லாரும் கொண்டாந்து போடறாங்க. ஐயாவுக்கு மட்டும் மனசு வரலை. யாரைக் குத்தப் போற?"

"யாரையும் இல்ல."

"ரெண்டு பக்கமும் காலைப் புடிச்சிகினு ஒரு வருஷமா நாங்க அலையறோம். நீ இரும்பை வெச்சிகினு சுத்தற. உன் கண்ணு போச்சு, அதுக்காக இன்னொருத்தன் கண்ணை எடுக்கணுமா?"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே உறைத்தது. ஆனாலும் திருத்திக்கொள்ளவில்லை, அவனுடைய பையைப் பற்றி இழுத்தாள்.

"காவ்யா, போய் சாரைக் கூட்டிகினு வா. ஜல்தி!"

காவ்யா ஓடினாள். அவள் மறையும்வரை காத்திருந்த பாலமுருகன், பையைத் திறந்தான்.

"அவங்க வர்றதுக்குள்ள பாரு. நீ மட்டும் பாரு."

செய்தித்தாளை விலக்கினான். படகு வடிவில் ஒரு மரத்துண்டு. இரு முனைகளிலும் இரும்புக் கூர். ஒரு கூர் தேய்ந்திருந்தது. தறியில் நூலை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடும் நாடா.

பழுதுபார்க்கக் கொடுக்கும் இடத்தில் மாறிவிடக் கூடாது என்பதற்காக, நாடாவின்மேல் சூட்டுக்கோலால் பெயர் எழுதிவைப்பது சுகன்யா குடியிருக்கும் நெசவாளர் தெருவின் வழக்கம். இதன்மேலும் கருகிய எழுத்துகளில் ஒரு பெயர் இருந்தது: தனகோடி.

அவளுடைய அப்பாவின் பெயர்.

சுகன்யாவின் கை பையை விட்டு நழுவியது.

"கல்லுன்னு சொன்னாங்களே..."

"நான்தான் சொன்னேன். உன் தம்பி என்னைக் குறி வெச்சு எறியலை, அது எனக்குத் தெரியும். தள்ளுமுள்ளுல கையில இருந்ததை வீசிட்டான். விழுந்த இடத்துலயே எடுத்துப் பையில மறைச்சிட்டேன். நானே கேட்டுக்கறேன்னு அவ்ளோ கோவம். கட்டுப் பிரிச்ச மறுநாளே இதோட உங்க வீட்டுக்கு வந்தேன்."

"எங்க வீட்டுக்கா?"

"ஜன்னல் வழியா பார்த்தேன். தறியில உக்காந்துகினு இருந்தான். நாடாவைத் தொட்டுட்டு தொட்டுட்டு கையை எடுக்கறான். நூலு அறுந்துகினே இருக்குது. உங்கப்பா திட்டிகினு இருந்தாரு. அவன் அறுந்ததை முடிஞ்சிகினே இருந்தான். கேக்க மனசு வரலை, திரும்பிட்டேன்."

ஒலிபெருக்கி சுகன்யாவின் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தது. அவள் அந்தக் கருகிய எழுத்துகளை விரலால் தடவினாள்.

"அவன்கிட்டயே குடுத்துடலாம்னுதான் இன்னிக்கு எடுத்துகினு வந்தேன். என்னைப் பார்த்தாலே ஓடறான். மேடையில நான் ஏறினா, பக்கத்துல அவனால பெட்டியைப் புடிச்சிகினு நிக்க முடியுமா? இதைப் பெட்டியில போட்டிருந்தா, பேரோட எடுத்துக் காட்டியிருப்பாங்க."

தொலைவில் காவ்யாவும் பேராசிரியரும் விரைந்து வருவது தெரிந்தது. பாலமுருகன் செய்தித்தாளை மறுபடியும் சுற்றி, அவளுடைய தோள்பைக்குள் நாடாவைச் செருகினான்.

"உங்கப்பா கேட்டா, பஸ்லயே கிடைச்சுதுன்னு சொல்லிடு."