தரை அதிர வந்தவர்

"அந்தக் குதிரை மிதிக்காரி வீட்டு விருந்துக்கு நான் வரமாட்டேன். நீ வேணா போய்ச் சாப்பிட்டுட்டு வா!"

பெர்மெத் கைகளை வீசிச் சொன்ன வேகத்தில், தையல் மெஷின் மேலிருந்த நூல்கண்டு உருண்டோடியது. எங்களுக்குக் காது கேட்காது. கொஞ்சலும் சண்டையும் கையால்தான்.

காது கேளாதோர் பள்ளி விடுதியில் எங்களுக்கு வார்டனாக இருந்த சூராகான் எஜே, அதாவது சூராகான் அக்கா, இறந்து நாளை நாற்பதாம் நாள் நினைவு விருந்து.

"செத்தவங்க மேல என்னடி கோபம்?" என்றேன்.

"மறந்துட்டியா ஐனாஷ்? சைகை செஞ்சா போதும், 'கையைக் கட்டு, வாயால பேசு'ன்னு நிக்க வெப்பாளே!"

மறக்க முடியுமா! சோவியத் காலம் அது. பள்ளியில் சைகைக்குத் தடை. பெர்மெத்தோ எங்களைத் துணி அடுக்கும் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் சைகையிலேயே கதை சொல்வாள். ஓநாய் வந்தால் அவள் தோளே ஓநாயாகிவிடும். முக்கியமான இடத்தில் நிறுத்தி, "மீதி இதுல இருக்கு" என்று புத்தகத்தை நீட்டுவாள், பாவி! அந்த மீதிக்காகத்தான் நாங்கள் எட்டுப் பேரும் படிக்கவே கற்றோம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிறது.

பிடிபட்டிருந்தால் பெர்மெத்துக்குப் படிப்பு போயிருக்கும். மலைக்குத் திரும்பி ஆடு மேய்க்க வேண்டியதுதான்.

"ஏழு வருஷத்துல ஒரு தடவைகூட மாட்டலையே!" என்றேன்.

"எல்லாம் நம்ம சாமர்த்தியம்டி. அவ தாழ்வாரத்துல கால் வெச்சதுமே தரைப்பலகை அதிரும். கதவைத் திறக்கறதுக்குள்ள நம்ம கை மடிக்கு வந்துடும். என்னா திமிர் நடை!"

எழுந்து அதேபோல மிதித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வாசல் மணிக்கான விளக்கு மின்னியது. திரும்பினால், திறந்திருந்த வாசலில் பெர்மெத்தின் மிதியைப் பார்த்தபடி சூராகான் எஜேயின் மகள்! விருந்துக்கு நேரில் அழைக்க வந்திருக்கிறாள். அவளுக்குச் சைகை தெரியாது. ஆனால் அந்த நடை யாருடையது என்று தெரியாதா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் கோபப்படவில்லை. ஒரு காகிதம் எடுத்து எழுதினாள்.

"வீட்ல அம்மா நடக்கறதே தெரியாது. பள்ளிக்கூடத்துல மட்டும்தான் இந்த மிதி. முட்டி ரெண்டும் தேஞ்சுபோய், கடைசிவரைக்கும் வலி."

பெர்மெத் பேனாவைப் பிடுங்கினாள். "அப்புறம் ஏன் மிதிச்சாங்களாம்?"

"நானும் கேட்டேன். 'ஹெட்மாஸ்டரைக் கூட்டிக்கிட்டு ரவுண்டு வருவேன். உள்ள பெர்மெத் கதை சொல்லிட்டிருப்பா. நாங்க வர்றது அந்தப் பிள்ளைங்களுக்கு வேற எப்படிடி தெரியும்?'னாங்க."