குதிகால்

மேசைமேல் ஏறி நின்ற நாரேயை இறக்கிவிட்டு நிமிர்வதற்குள் அவள் ஜன்னல் திட்டுக்குப் போய்விட்டாள்.

சோன்மிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூன்று வயதுகூட நிறையாத மகள், வந்த வேகத்தில் டாக்டரின் அறையைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த ஒரு சந்திப்புக்காக வசந்தத்திலிருந்து காத்திருந்தார்கள். கொரியாவின் பூச்சோன் நகரத்தில் குழந்தைகளின் மனநலம் பார்க்கிற டாக்டர் அவ்வளவு லேசில் கிடைப்பதில்லை.

போகச் சொன்னது குழந்தைகள் காப்பகத்து டீச்சர். மற்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்கும்போது நாரே மட்டும் அறையைச் சுற்றி ஓடுகிறாளாம். சாப்பிடும்போதும் ஓட்டமாம். தூங்கவைக்கிற நேரத்திலும் ஓட்டமாம்.

"கவனக் குறைபாடா இருக்குமோன்னு ஒரு தடவை காட்டிடுங்களேன், நாரே அம்மா" என்றாள், தேன் தடவிய குரலில்.

மாமியாரோ போனிலேயே சிரித்தாள். "உன் புருஷன் இந்த வயசுல அலமாரி மேலதான் குடித்தனம் பண்ணினான். புள்ளைன்னா ஆடத்தான் செய்யும். இதுக்குப் போயி டாக்டரா?"

இரண்டில் எதை நம்புவது? சோன்மி இணையத்தில் படிக்காத கட்டுரை பாக்கியில்லை. ஒன்றைப் படித்தால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. அடுத்ததைப் படித்தால் எல்லாம் இருக்கிறது. படித்துப் படித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

டாக்டர் ஹ்வாங் அவசரப்படவில்லை. வெள்ளைக் கோட்டுகூடப் போடாத அந்த அம்மாள், தரையில் விரித்திருந்த பாயில் மரக்கட்டைகளைக் கொட்டிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நாரே ஓடிவந்து அடுக்க ஆரம்பித்தாள். சரிந்தது. மறுபடி அடுக்கினாள். "இப்ப என் முறை" என்று டாக்டர் சொன்னபோது, மனசில்லா மனசோடு ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"வீட்ல எப்படி?"

"வீட்ல இருக்கிற இடமே தெரியாதுங்க, டாக்டர்."

அது பொய்யில்லை. அதனால்தான் டீச்சர் சொன்னதை முதலில் அவளால் நம்பவே முடியவில்லை.

டாக்டர் தலையசைத்தார். "அந்தக் கோளாறு இருந்தா பெரும்பாலும் வீடு, காப்பகம்னு இடம் பாக்காது, எங்கயும் தலைகாட்டும். இவ பிடிச்ச வேலையில ஒன்றிப் போறா. முறை வர்ற வரைக்கும் பொறுத்துக்கறா. இந்த வயசுல ஓட்டம் வெறும் ஓட்டம்தான். இப்பவே ஒரு பேரை ஒட்டவைக்க எனக்கு மனசில்ல."

சோன்மியின் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அழுதுவிடுவோமோ என்று பயமாகக்கூட இருந்தது.

"ஆனா இந்தக் கால்..." என்றார் டாக்டர்.

உருண்டுபோன கட்டையை எடுக்க நாரே போய்க்கொண்டிருந்தாள். நுனிக்காலில் போனாள், நுனிக்காலிலேயே திரும்பி வந்தாள்.

"வந்ததுலேருந்து பாக்கறேன், குதிகால் ஒரு தடவைகூடத் தரையில படல. சில பிள்ளைங்களுக்கு இது வெறும் பழக்கம். சிலருக்கு வேற ஏதாவதோட அறிகுறி. எப்பலேருந்து இப்படி?"

சோன்மிக்குக் காதுமடல் சுட்டது.

அறிகுறியாவது ஒன்றாவது. மகள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து அவளேதான் பழக்கினாள். அவர்கள் குடியிருப்பது ஏழாவது மாடி. குழந்தை இரண்டடி எடுத்துவைத்தால் ஆறாவது மாடிக்காரர் காவலாளியைக் கூப்பிடுவார், காவலாளி இவளைக் கூப்பிடுவார். வீடு முழுக்கத் தடித்த பாய் விரித்துப் பார்த்தாள், ஓயவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சுப் பெட்டியோடு இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டாள். ஆரஞ்சு தீருகிற வரைதான் அமைதி. அதன்பிறகு அந்த வீட்டில் குதிகால் ஊன்றுவது குற்றமாகிவிட்டது. "பறவைக் கால், நாரே! பறவைக் கால்!" என்று காலையிலிருந்து தூங்குகிற வரை அவள் வாய் ஓய்வதில்லை.

அதையெல்லாம் பாதி சொல்லியும் பாதி விழுங்கியும் டாக்டரிடம் சொல்லி முடித்தாள்.

டாக்டர் குழந்தையின் பக்கம் குனிந்தார். "நாரே, இங்க நமக்குக் கீழ வீடே கெடையாது. வெறும் மண்ணுதான். நல்லாக் காலை ஊன்றி ஒரு குதி குதி, பாப்போம்."

நாரே அம்மாவைப் பார்த்தாள். சோன்மி தலையாட்டினாள்.

தொம்.

குழந்தையின் முகம் முழுக்கச் சிரிப்பு. மறுநொடியே அவள் மண்டியிட்டாள். இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்து, தரையோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"மன்னிச்சுக்கோங்க, மாமா."

சோன்மி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அந்த மனுஷன்கிட்ட நான் வேணா பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார் டாக்டர்.

அவள் அவசரம் அவசரமாக வேண்டாமென்று கையை ஆட்டினாள்.

அந்தக் கீழ்வீட்டுக்காரர் மழைக்காலத்துக்கு முன்பே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். ஆறாவது மாடி அன்றிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. நாரேயிடம் அவள் அதை இன்னும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் ஆடவிட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பழக்க அவளிடம் தெம்பில்லை. அடுத்துக் குடிவரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ, யார் கண்டது.